மரம் கல்லாயிற்று, கல் உயிராயிற்றா?

விழுப்புரத்திலே ஒரு மாலை. இரயிலடிக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சிறு கூடம். ‘உயிரைப் படைத்தது யார்?’ என்பது சொற்பொழிவின் தலைப்பு. பேசியவர் நம் இளைஞர், துடிப்பு நிறைந்தவர், தொடுத்த சொல்லில் தொய்வு காட்டாதவர். “1953-ஆம் ஆண்டிலே, அமெரிக்காவிலே, ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ளே, ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர் உயிரை உண்டாக்கிக் காட்டினார்! அன்றே பிரம்மனின் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது!” என்று அவர் முழங்கியபோது கூடம் அதிர்ந்தது. கையொலி அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

அடங்கியபின், கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். திண்டிவனத்துக்காரர்; பள்ளியிலே இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவர்; நெற்றியிலே நீறு. “தம்பி, அந்தக் குடுவையைத் திறந்தபோது உள்ளே நெளிந்தது எது? நீந்தியது எது? பெயரைச் சொல்லுங்கள்; எழுதிக்கொள்கிறேன்” என்றார். குரலிலே குத்தல் இல்லை, கேலி இல்லை. கையிலே பேனா மட்டும் இருந்தது. நம் இளைஞர் விழித்தார். “அதை... விஞ்ஞானிகள்...” என்று தொடங்கினார், தொடரவில்லை. தலைவர் நன்றி கூறக் கூட்டம் கலைந்தது.

நாமும் அந்த மேடையிலேதான் வீற்றிருந்தோம். விடை நமக்குத் தெரியும். நெளிந்தது ஒன்றுமில்லை, நீந்தியதும் ஒன்றுமில்லை. தெரிந்தும் வாய் திறந்தோமில்லை. நம்மவர் தலைகுனியக் கூடாதே என்ற நினைப்பு, நாவைக் கட்டிப் போட்டது. கோயில் மடத்திலே குருக்கள் தவறு செய்தால் சீடர்கள் கண்டும் காணாமல் இருக்கிறார்களே என்று ஏசுகிற நாம், அன்று செய்தது வேறென்ன? அந்த மௌனம் முள்ளாக உறுத்தியதால் இந்தத் திறனாய்வை எழுதுகிறோம்.

இலக்கிய ஏட்டிலே இரசாயனத்துக்கு என்ன வேலை என்று சிலர் புருவம் நெரிக்கலாம். காப்பியத்துக்குத் தலையும் உடலும் உண்டு, ஒட்டுப் போட்ட இடங்களும் உண்டு. அவற்றைத் தடவிப் பார்ப்பதே திறனாய்வாளன் தொழில். உயிரின் தோற்றம் பற்றி இந்த ஒரு நூற்றாண்டில் எழுந்த கொள்கைகளும் ஒருவகைக் கதைகளே. சான்றின்மேல் கட்டப்படுகின்ற கதைகள். எங்கே சான்று முடிகிறது, எங்கே ஊகம் தொடங்குகிறது என்று ஒட்டுத் தையலைத் தடவிப் பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு. மெய்யாகச் சொன்னால், அது நம் கடமை.

கதை தொடங்குமிடம் நமக்கு நெருக்கமான இடம். 1929-ஆம் ஆண்டு, இங்கிலாந்திலே ‘ரேஷனலிஸ்ட் ஆனுவல்’ என்ற பகுத்தறிவாளர் ஆண்டு மலரில் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ‘உயிரின் தோற்றம்’ என்பது அதன் தலைப்பு. சில பக்கங்களே. ஆதி உலகின் காற்றிலே உயிர்வளி இல்லை. ஆகவே கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் தடையின்றிக் கடலைத் தொட்டன. நீரும் கரியமில வாயுவும் அம்மோனியாவும் அக்கதிர்களால் கூடிக் கரிமப் பொருள்களாயின. அவற்றை உண்ண அன்று கிருமி எதுவும் இல்லாமையால் அவை சேர்ந்துகொண்டே போயின. கடலே சூடான, நீர்த்த ஒரு சாறு போலாயிற்று என்று அவர் வரைந்தார். நம் வீட்டு மொழியிலே சொன்னால், கடல் முழுதும் ரசம்! அந்த ரசத்திலிருந்து, பாதி உயிரும் பாதி பொருளுமாக ஏதோ ஒன்று தோன்றியிருக்கும் என்பது அவர் கருத்து.

இதையே அவருக்கு ஐந்தாண்டு முன்பு, 1924-இல், மாஸ்கோவிலே ரஷ்ய மொழியில் ஒரு சிறு நூலாக ஒப்பாரின் எழுதியிருந்தார். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. 1963-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலே நடந்த மாநாட்டில் இருவரும் சந்தித்தபோது, முந்தியவர் ஒப்பாரினே என்று ஹால்டேன் ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டார். புலமைக் காய்ச்சல் மலிந்த உலகிலே இப்படியும் ஒருவர்! 1957-இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, 1961-இல் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார் அவர். எரிக்கவுமில்லை, புதைக்கவுமில்லை, அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குச் சென்றது. வாழ்ந்தபோது எழுதியதை விட, செத்தபின் செய்த அந்தக் காரியத்தை நம் இளைஞர்கள் மேடையிலே சொல்லலாம்; ஒருவரும் எழுந்து மறுக்க முடியாது.

ஆனால் அவர் கட்டுரையைத் திறனாய்வாளன் கண்கொண்டு படித்தால் ஓர் ஓட்டை தெரிகிறது. புற ஊதாக் கதிர்களால் சர்க்கரை முதலியன உண்டாகும் என்பதற்கு அவர் காட்டிய சான்று, லிவர்ப்பூல் பல்கலைக் கழகத்துப் பேலி என்பவரின் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சியைப் பிறர் செய்து பார்த்தபோது பேலி சொன்னபடி விளையவில்லை. ஆக, கட்டடத்தின் முதற்கல்லே ஆடிப்போயிற்று. கட்டடம் சாய்ந்ததா? இல்லை. ஏன்? கட்டுரையின் முடிவிலே ஹால்டேனே, தாம் சொன்னவை ஊகங்கள் என்றும், ஆராய்ச்சிக் கூடத்திலே உயிர் ஆக்கப்படும் நாள்வரை அவை ஊகங்களாகவே இருக்கும் என்றும் தெளிவாக எழுதிவைத்தார். பகுத்தறிவாளர் மலரிலே, பகுத்தறிவாளர்களுக்கு எழுதும்போது, கையொலிக்கு ஆசைப்பட்டு அந்த ஒரு வரியை அவர் விட்டிருக்கலாம், விடவில்லை. விழுப்புரத்து மேடையிலே காணாமற்போனது அந்த ஒரு வரிதான்.

ஒப்பாரினைப் பற்றியும் ஒரு சொல். லைசென்கோ என்பவர் பரம்பரை விஞ்ஞானத்தையே பொய் என்று சொல்லி, அரசின் ஆதரவோடு அறிஞர்களை ஒடுக்கிய காலத்தில், ஒப்பாரின் லைசென்கோவின் பக்கம் நின்றார். உயிர் தோன்றிய விதத்தைக் கூறிய மதி, உயிர்நூல் அறிஞர் வேட்டையாடப்பட்டபோது வளைந்து கொடுத்தது. நம்மவர் என்பதற்காக இதை மறைத்தால், நாளை எந்த முகத்தோடு மடாதிபதியைக் கேள்வி கேட்பது?

இனி மில்லரின் குடுவைக்கு வருவோம். சிகாகோ பல்கலைக் கழகத்திலே, நோபெல் பரிசு பெற்ற யூரேயின் மாணவர் அவர். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, மின்னலுக்கு ஈடாக மின்பொறியைத் தொடர்ந்து ஒரு வாரம் பாய்ச்சினார். நீர் நிறம் மாறிற்று. கிளைசின், அலனைன் முதலான அமினோ அமிலங்கள் கிடைத்தன. 1953 மே திங்களில் ‘சயன்ஸ்’ ஏட்டிலே இரண்டே பக்கத்தில் வெளியிட்டார். இது பெரிய செயல், ஐயமே இல்லை. அதுவரை ஏட்டிலே இருந்த ஊகம், முதன்முறையாக அடுப்பிலே ஏறியது!

ஆனால் அமினோ அமிலம் உயிரன்று. செங்கல் வீடன்று, நெல் சோறன்று. புரதம் என்ற பெரிய மாளிகைக்கு அமினோ அமிலம் செங்கல். அந்தச் செங்கற்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டனவா? இல்லை. குடுவையில் விளைந்ததில் பெரும்பகுதி தார் போன்ற பிசின். மேலும் ஒரு சங்கடம். அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை, இடக்கால் செருப்பு வலக்கால் செருப்பு போல, இரு வடிவில் அமைய வல்லவை. உயிர்கள் தம் புரதத்துக்கு இடக்கால் வடிவத்தையே எடுக்கின்றன. மில்லரின் குடுவையிலோ இரண்டும் சரிபாதி. ஒற்றைக்கால் செருப்பை மட்டும் பொறுக்கி எடுத்தது எது? இன்றுவரை அறிஞர் இடையே வழக்கு நடக்கிறது.

மில்லர் எடுத்த வாயுக்கள்தாம் ஆதி உலகில் இருந்தன என்பதும் பின்னர்க் கேள்விக்குள்ளாயிற்று. எரிமலைகள் கக்கிய கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுதி என்று பலர் கருதுகின்றனர். அந்தக் கலவையிலே விளைச்சல் குன்றுகிறது. 2007-இல் மில்லர் மறைந்தார். 1950-களிலே அவர் மூடிவைத்திருந்த சிமிழ்களை அவருடைய மாணவர்கள் புதுக் கருவி கொண்டு ஆராய்ந்து, 22 அமினோ அமிலங்களைக் கண்டதாக 2008-இல் எழுதினார்கள். 2021-இல் வந்த இன்னோர் ஆராய்ச்சி சுவையானது. கண்ணாடிக்குப் பதிலாகத் தெஃப்லான் பாத்திரத்தில் அதே சோதனையைச் செய்தபோது, விளைந்த பொருள்களின் வகையும் அளவும் குறைந்தன. அதாவது, குடுவையின் கண்ணாடியும் சமையலிலே கலந்துகொண்டது! ஈயச் சொம்பிலே கொதித்த ரசத்துக்குத் தனிச்சுவை என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, அதை அறுபத்தெட்டு ஆண்டு கழித்து விஞ்ஞானிகள் கண்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நம் நாட்டிலே நடந்த கதைக்கு வருவோம். நம் இளைஞர்கள் அறியாத கதை அது. மில்லர் எழுதிய மறு ஆண்டே, 1954-இல், அலகாபாத் பல்கலைக் கழகத்து இரசாயனப் பேராசிரியர் கிருஷ்ண பகதூர் ‘நேச்சர்’ ஏட்டிலே ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். மின்பொறி இல்லை, விலையுயர்ந்த கருவி இல்லை. பாராஃபார்மால்டிஹைடும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த நீரை வெயிலிலே வைத்தார். அமினோ அமிலங்கள் கிடைத்தன என்றார். 1958-இல் எஸ். ரங்கநாயகி முதலியவர்களோடு சேர்ந்து, மாலிப்டினம் ஆக்சைடைத் துணையாகக் கொண்டு காற்றின் நைட்ரஜனையே கட்டிப் பிடித்ததாக மேலும் எழுதினார். வெயிலை மூலதனமாகக் கொண்டு ஏழை நாட்டு ஆராய்ச்சிக் கூடம் செய்த முயற்சி. இதைப் பாராட்டாத நெஞ்சு நெஞ்சன்று.

1963-இல் அவர் அடுத்த அடி எடுத்து வைத்தார். அம்மோனியம் மாலிப்டேட், பாஸ்பேட், தாது உப்புகள், ஃபார்மால்டிஹைடு கலந்த நீரை வெயிலிலே வைத்தால், நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் உருண்டைகள் தோன்றுகின்றன, அவை வளர்கின்றன, மொட்டுவிட்டுப் பெருகுகின்றன, உள்ளே இரசாயன மாற்றங்களும் நடக்கின்றன என்றார். அவற்றுக்கு ‘ஜீவாணு’ என்று பெயர் சூட்டினார். ஜீவன், அணு, உயிரின் அணு. 1966-இல் அலகாபாத்திலிருந்து அதைப் பற்றி நூலும் வந்தது.

திறனாய்வாளன் இங்கேதான் நிற்க வேண்டும். குற்றம் சோதனையிலே அன்று, பெயரிலே! வளர்ந்தது என்றார், எண்ணெய்த் துளியும் வளரும். பிரிந்தது என்றார், குழம்பின்மேல் மிதக்கும் எண்ணெய்க் கண்களைக் கரண்டியால் கலக்கினால் அவையும் பிரியும், மறுபடி கூடும். அவற்றுக்கு உயிர் உண்டென்று எந்தத் தாயும் குழம்பை ஊற்றாமல் விட்டதில்லை. உயிர் என்றால், தாய் தன் குழந்தைக்கு ஒரு வாசகத்தைக் கொடுத்தாக வேண்டும். அந்த வாசகத்தை நகல் எடுக்கையில் எப்போதாவது பிழை நேர வேண்டும். பிழையில் நல்லது நிலைத்து அல்லது அழிய வேண்டும். டார்வின் சொன்ன தேர்வு நடப்பதற்கு அந்த வாசகம் இன்றியமையாதது. ஜீவாணுவிலே அந்த வாசகம் எங்கே? மெய்ப்பிக்க வேண்டியதைப் பெயரிலேயே வைத்துவிட்டால், பிறகு சோதனை பெயருக்கு வழக்கறிஞராகிவிடுகிறது. தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுச் சாட்சியைப் பின்னர்க் கூப்பிடுவது போன்றது இது. அதே காலத்தில் அமெரிக்காவிலே சிட்னி ஃபாக்ஸ், அமினோ அமிலங்களைச் சூடாக்கிப் பெற்ற உருண்டைகளுக்கும் பெருமை பேசப்பட்டது. அங்கும் குறை இதுவே.

இந்த ஜீவாணுவை அளக்க வந்தவர் யார் தெரியுமா? சிரில் பொன்னம்பெருமா. பெயரைக் கேட்டவுடன் தமிழர் என்று உரிமை கொண்டாட முந்தாதீர்கள். இலங்கையின் காலி நகரிலே 1923-இல் பிறந்தவர். ஆனால் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அவரிடம் உரிமை உண்டு. 1948-இல் அங்கே தத்துவத்திலே பட்டம் பெற்றார். அதன்பின் இலண்டனிலே பெர்னாலிடம் இரசாயனம் கற்று, அமெரிக்காவிலே கால்வினிடம் ஆராய்ந்து, நாசாவிலே உயிரின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். தத்துவ வகுப்பிலே தொடங்கி இரசாயனக் கூடத்திலே முடிந்த பயணம்! எதிர்த் திசையிலே போய், இரசாயனத்திலே பட்டம் பெற்று வேதாந்தத்திலே விழுந்தவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்!

1967-இல் அவரும் லிண்டா கேரனும் நாசாவுக்காக ஜீவாணு ஆராய்ச்சிகளை மீளாய்வு செய்தார்கள். பழிக்கவில்லை, தூக்கி எறியவுமில்லை. இந்த உருண்டைகளின் தன்மை இன்னும் தெளிவாக்கப்பட வேண்டியது என்ற அளவிலே நிறுத்தினார்கள். ஒரு கிழக்கு நாட்டு அறிஞரின் உரிமைக் கோரிக்கையை இன்னொரு கிழக்கு நாட்டு அறிஞர், மேல்நாட்டுக் கூடத்திலே அமர்ந்து, இனப்பற்றின்றி எடை போட்டார். நமக்கு இது பாடமாக வேண்டும். நம் நாட்டான் செய்தான் என்பதால் ஒன்று உண்மையாகிவிடாது. வெள்ளையன் மறுத்தான் என்பதால் பொய்யாகிவிடவும் செய்யாது.

இங்கே ஒரு பக்கப் பேச்சு. ஜீவாணு பற்றிய அந்த 1963-ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்தது அலகாபாத் விஞ்ஞான பரிஷத்தின் இந்தி ஆராய்ச்சி ஏட்டிலே. இந்தியைத் திணிப்பவனை நாம் எதிர்த்தோம், எதிர்ப்போம், அது வேறு. ஓர் அறிஞர் தம் புதிய ஆராய்ச்சியை முதலில் தம் மொழியிலே எழுதத் துணிந்தார் என்பது வேறு. அடுக்குமொழிக்கும் அந்தாதிக்கும் ஏடு நடத்தும் நாம், ஓர் இரசாயன ஆராய்ச்சி முதலில் தமிழிலே வெளியாகும் ஏட்டை நடத்துகிறோமா? தமிழ் வாழ்க என்று எழுதிய சுவருக்கு இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறோம்.

பொன்னம்பெருமாவின் பெரிய வெற்றி வேறிடத்திலே. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரிலே விண்கல் ஒன்று விழுந்தது. அதை ஆராய்ந்து, மண்ணிலிருந்து ஒட்டிய அழுக்கல்ல, விண்ணிலேயே உண்டான அமினோ அமிலங்கள் உள்ளே இருக்கின்றன என்று 1970-இல் அவர் குழு காட்டியது. எப்படித் தெரிந்தது? செருப்பினால்! இடக்கால் வலக்கால் இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதியாக இருந்தன. உயிரிலிருந்து வந்திருந்தால் இடக்கால் மட்டுமே மிகுந்திருக்கும். பின்னர் நுணுகி ஆராய்ந்தோர் சில அமிலங்களில் இடக்கால் சற்றே மிகுதி என்று கண்டனர். வழக்கு மீண்டும் சூடுபிடித்தது.

விண்ணைச் சொன்னதும் ஓர் எச்சரிக்கை. 2001-ஆம் ஆண்டு ஜூலையிலே கேரளத்தில் செந்நிற மழை பெய்தது. இரு ஆராய்ச்சியாளர்கள், அந்த மழையில் இருந்த செந்துகள்கள் விண்ணிலிருந்து வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று 2006-இல் எழுதினார்கள். உலகெங்கும் செய்தி. ஆனால் அதே 2001-இலேயே கேரளத்து ஆராய்ச்சி நிலையங்கள், அவை மரப்பட்டையிலே வாழும் ஒருவகைப் பாசியின் வித்துக்கள் என்று சோதித்துச் சொல்லியிருந்தன. விண்வெளி விருந்தாளி என்று நினைத்தது தென்னந்தோப்புப் பாசி! உயிர் விண்ணிலிருந்து வந்தது என்று ஹாயிலும் கொழும்பிலே பிறந்த விக்கிரமசிங்கேயும் வாதாடியது ஒருபுறம் இருக்கட்டும். அங்கே மட்டும் எப்படித் தோன்றியது என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே! வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றியதைத் தீர்ப்பு என்று கூறலாகாது.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம். கழுவெளியின் ஓரத்திலே உப்பளங்கள். கடல்நீரைப் பாத்தியிலே விடுகிறார்கள், வெயில் உறிஞ்சுகிறது, நீர் சுண்டச் சுண்ட முதலில் ஜிப்சம் படிகிறது, பிறகு கறியுப்பு, கடைசியிலே கைப்பு நீர் மிஞ்சுகிறது. கால் வெடிக்க அந்தப் பாத்தியிலே நிற்கும் தொழிலாளிக்கு இது தெரியும். உயிரின் தோற்றம் பற்றி இன்று வலுத்து நிற்கும் கொள்கைகளில் ஒன்று, இந்தச் சுண்டலை நம்பியே இருக்கிறது. கடல் முழுதும் ரசம் என்றால் ரசம் மிகவும் நீர்த்துவிடும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திக்கவே மாட்டா. சிறு குட்டையிலே நீர் வற்றுவதும் நிறைவதுமாக இருந்தால், வற்றும்போது அவை நெருங்கிக் கைகோர்க்கும். டார்வினே 1871-இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையைக் கற்பனை செய்தார். அமெரிக்காவின் டீமரும் டேமரும் இன்று அதை எரிமலைப் பக்கத்து வெந்நீர் ஊற்றுக்களிலே வைத்துப் பார்க்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, உயிர் மரக்காணத்திலே தோன்றியது என்று யாரேனும் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டா! கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும், உயிரணுவின் தோல் போன்ற கொழுப்புக் குமிழ்கள் உருவாவதைக் கெடுக்கின்றன என்பது டீமர் தரப்பின் வாதம். ஆகவேதான் அவர் நன்னீர்க் குட்டையைக் கேட்கிறார். மரக்காணம் உவமைக்கு உதவும், சான்றுக்கு உதவாது. இருந்தாலும் வியப்பு ஒன்று உண்டு. பென்னு என்ற சிறு கோளிலிருந்து நாசாவின் ஓடம் எடுத்த மண் 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்தது. அதிலே, உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. மரபு எழுத்துக்களான ஐந்து காரங்களும் இருந்தன. அவற்றோடு, உப்புநீர் வற்றிப் படிந்த உப்புக்களும் இருந்தன என்று 2025 ஜனவரியில் எழுதினார்கள். ஆள் இல்லை, பாத்தி இல்லை, வானத்திலே உப்பளம்! செருப்பு மட்டும் அங்கேயும் சரிபாதிதான்.

இன்னொரு கட்சி, ஆழ்கடலின் அடியிலே கொதிநீர் பீறிடும் வெடிப்புகளைக் காட்டுகிறது. இரும்புக் கந்தகத் தாதுக்களின் மேல் இரசாயனமே தன்னைத் தான் நடத்திக்கொண்டது என்று 1988-இல் வேக்டர்ஷாய்சர் எழுதினார். தொழிலால் அவர் மூனிச் நகரத்துக் காப்புரிமை வழக்கறிஞர். நம் ஊரிலே வழக்கறிஞர்கள் வேறு விதமான ஊகங்களிலே ஈடுபடுகிறார்கள்! இவர்களுக்கெல்லாம் இடையே உள்ள பிணக்கைச் சுருக்கமாகச் சொன்னால், முதலில் வந்தது அடுப்பா, ஏடா? ஆற்றலை எரிக்கும் அடுப்பு முதலில் மூண்டது என்பது ஒரு கட்சி. நகல் எடுக்கும் ஏடு முதலில் எழுந்தது என்பது மற்றொரு கட்சி.

ஏட்டுக் கட்சிக்கு வலிமை தந்த கண்டுபிடிப்பிலே நம் பக்கத்து ஊருக்குப் பங்கு உண்டு. உயிரணுவிலே புரதத்தை நெய்யும் தறிக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் அமைப்பை அணு அணுவாக வரைந்ததற்காக 2009-இல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952-இல் சிதம்பரத்திலே பிறந்தவர். அவர் வரைந்தது தறியின் சிறு பகுதி. பெரும் பகுதியை வரைந்த ஸ்டைட்ஸின் குழு 2000-இல் கண்டது என்ன? அமினோ அமிலங்களை இணைக்கும் இடத்திலே புரதமே இல்லை, ஆர்.என்.ஏ. மட்டுமே இருக்கிறது! ஏடாகவும் இருந்து வேலையாளாகவும் இருக்க வல்லது ஆர்.என்.ஏ.; ஆகவே புரதத்துக்கு முன்பே அது இருந்திருக்கலாம் என்ற கொள்கைக்கு இதைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது. சிதம்பரம் என்றால் ரகசியம் என்று சொல்லித் திரை போட்டவர்கள் இருக்கும் ஊர். அங்கே பிறந்தவர் ஒருவர் வேறொரு ரகசியத்தின் திரையை விலக்கினார். இதிலும் மிகைப்படுத்தலாகாது: அந்த ஆர்.என்.ஏ. ஆதியிலே தானே எப்படி உருவாயிற்று என்பது இன்னும் முடியாத வழக்கு.

இத்தனை ஓட்டைகளையும் நாமே எடுத்துக் காட்டினால் எதிரிக்கு வாய்ப்பாகிவிடாதா என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். ஓட்டை இருக்கிறது, ஆகவே ஆண்டவன் இருக்கிறான் என்பது என்ன தருக்கம்? உயிரிலிருந்தே உயிர் என்று பாஸ்டர் நிறுவிவிட்டார் என்பார்கள். பாஸ்டர் 1860-களையொட்டிக் காட்டியது, கொதிக்கவைத்துத் தூசு புகாமல் காத்த சாற்றிலே கிருமி தோன்றவில்லை என்பது. ஏறக்குறைய 400 கோடி ஆண்டுக்கு முன், கோடிக்கணக்கான ஆண்டுகள், உலகளவு பெரிய குடுவையிலே என்ன நடந்தது என்பதற்கு அவர் சாட்சி சொல்லவில்லை. சொல்லியதாக அவரை இழுப்பது அவருக்கும் இழுக்கு. நமக்குத் தெரியாத இடம் என்பது வெற்றிடம்; அதற்குப் பட்டா வாங்கிக்கொள்ளத் தேவர்களுக்கு எந்த அலுவலகம் உரிமை தந்தது?

ஆனால் நம்மவர் பட்டா வாங்கும் வேலையும் நடக்கிறது. மச்சம், கூர்மம், வராகம் என்று பத்து அவதாரத்தை வரிசைப்படுத்தி, ‘பார், பரிணாமம்!’ என்று வைதிகர் சொன்னால் நகைக்கிறோம். அதே மூச்சிலே, ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிரைப் பகுத்த தொல்காப்பியர் டார்வினுக்கு முன்னோடி என்று எழுதுகிறோம். தொல்காப்பியம் செய்தது பகுப்பு, அரிய பகுப்பு. புல்லையும் மரத்தையும் உயிர் என்றது. சங்கையும் சிதலையும் நண்டையும் கூர்ந்து பார்த்தது. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று அது சொல்லவில்லை. முதல் உயிர் எப்படி வந்தது என்று கேட்கவுமில்லை. அதன் பெருமைக்கு நம் பொய் தேவையில்லை.

கூட்டம் முடிந்த மறுவாரம், அந்த இளைஞரை அழைத்துக்கொண்டு திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகத் திருவக்கரைக்குப் போனோம். வக்கிரகாளியும் வக்கிராசுரன் கதையும் அங்கே பெயர் பெற்றவை. கோயிலைக் காண வரும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட, அருகிலேயே இருக்கும் கல்மரப் பூங்காவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முன் நின்ற மரங்கள் அங்கே கல்லாய்ச் சாய்ந்து கிடக்கின்றன. 1781-இலேயே சொன்னராத் என்ற பிரெஞ்சுக்காரர் குறித்து வைத்த இடம். ஆற்றுமணலிலே புதைந்த அடிமரத்துக்குள் மண்நீர் ஊறி, அதில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் கண்ணறை ஒவ்வொன்றிலும் புகுந்து படிந்தது. நரம்பு தெரிகிறது, கணு தெரிகிறது, தட்டினால் கல்லோசை.

இளைஞர் ஒரு கல்மரத்தின் பக்கத்திலே வெகுநேரம் குந்தியிருந்தார். “அண்ணே, மரம் கல்லானது எப்படி என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிவிட்டீர்கள். கல் உயிரானது எப்படி என்று கேட்டால் எத்தனை படி சொல்ல முடியும்?” என்றார்.

“செங்கல் வரை சொல்லலாம். சுவர் வரை சொல்ல முயல்கிறார்கள். வீடு இன்னும் இல்லை” என்றோம்.

“மேடையிலே ‘இன்னும் இல்லை’ என்று சொன்னால் கைதட்டுவார்களா?”

“தட்ட மாட்டார்கள்.”

அவர் சிரித்தார். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, விழுப்புரத்துப் பேச்சுக் குறிப்பிலே ‘உயிரை உண்டாக்கினார்’ என்ற இடத்தை அடித்து, ‘அமினோ அமிலங்களை உண்டாக்கினார்’ என்று எழுதினார். கீழே ஹால்டேன் என்று எழுதி, அடிக்கோடிட்டார்.

திண்டிவனத்தில் வரும் திங்களிலே அவர் மீண்டும் பேசுகிறார். தலைப்பை அவரே மாற்றிவிட்டார்: ‘உயிர் தோன்றியது எப்படி? தெரிந்தது எவ்வளவு?’ ஆசிரியர் வீட்டுக்கும் நேரிலே சென்று அழைத்திருக்கிறார். வருகிறேன் என்றாராம் அவர். பேச்சு முடிந்தபின் கேள்விக்கு அரைமணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.